சோத்துக்கைப் பக்கம்

என் மகனுக்கு,

போனில் பேசினால் நடுநடுவே நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். நேரில் உட்கார்ந்து பேசினால் உன் முகத்தைப் பார்த்து நானே பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். படிப்பு முடிந்து நீ விருதுநகர் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. வந்த மறுநாளே நம் கிளினிக்கில் உட்காரப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு. படித்த பிறகு அம்மா மேல் கோபம் வந்தால் வரட்டும். அதற்குப் பயந்துதான் ஐந்து வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி மூட மாட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கிளினிக் சுவருக்கு என்று ஒரு டிசைன் அனுப்பினாய். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க என் படம். கொரோனா நேரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததே, கிளினிக்கில் சின்னதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோமே, அந்தப் படம். மூக்கின் மேல் கன்றிச் சிவந்த கோடு, இரண்டு கன்னத்திலும் மாஸ்க்கின் தடம், நெற்றியில் ஒட்டிக்கிடக்கும் முடி, கலங்கிய கண். அதன் கீழே "இங்கிருந்துதான் தொடங்கியது" என்று எழுதலாம் என்றாய். நான் "பார்க்கலாம்" என்று மட்டும் பதில் போட்டேன். நீ இரண்டு முறை கேட்டாய், அப்புறம் உன் அத்தாவை விட்டுக் கேட்டாய். அம்மாவுக்குக் கூச்சம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டிக்கொண்டீர்கள். எனக்கென்ன கூச்சம்? கல்யாண வீட்டில் யார் கூப்பிடாவிட்டாலும் முன்வரிசையில் போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவள் நான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று நீ வீட்டில் அடம் பிடித்தாய். அதனால்தான் என்னால் உடனே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அப்படியே இழுத்தடித்திருப்பேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை காலேஜ் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாயே, அது என்னை உட்கார விடவில்லை. "காலைல ஒம்பது மணிக்கு மாஸ்க் போட்டதும்மா, மூணு மணி வரைக்கும் கழட்டல. தண்ணி குடிக்கல, பாத்ரூம் போகல. கூட இருந்தவங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வந்தாங்க, நான் அசையலயே. உங்க மகன்ல!" என்று சொல்லிச் சிரித்தாய். உன் அத்தாவும் கேட்டுவிட்டுச் சிரித்தார், "உன்னையே உரிச்சு வச்சிருக்கான்" என்றார். நான் செய்த தப்பின் முதல் பாதியை நீ அப்படியே செய்துகொண்டிருக்கிறாய். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த நாட்களில் நீ பிளஸ் டூ முடித்துவிட்டு மாடியில் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான் வீட்டுக்கு வந்ததும் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். அதனால் பிபிஇ கிட்டுக்குள் நான் எப்படி இருந்தேன் என்று நீ பார்த்ததில்லை. தலையிலிருந்து கால் வரை ஒரே பையாகத் தைத்த உடை. அதற்குள் சாதாரண உடை. இரண்டு மாஸ்க், இரண்டு ஜோடி கையுறை, காற்றுப் போகாத கண்ணாடி. அதன் மேல் முகத்தை மறைக்கும் தகடு. அந்தத் தகடு முதலில் கிடைக்கவே இல்லை, சிவகாசியில் டைரி அட்டைக்குப் போடுகிற கண்ணாடித்தாளை வெட்டி ரப்பர் பேண்ட் கோத்து உன் அத்தாவின் சிநேகிதர் ஒருவர் செய்து கொடுத்தார். ஏசி போடக் கூடாது, காற்றில் கிருமி சுற்றும் என்றார்கள். நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். பத்து நிமிஷத்தில் முதுகில் வேர்வை கோடாக இறங்கும். இருபது நிமிஷத்தில் கையுறைக்குள் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிவிடும், பல்லைத் தொட்டால் தொட்ட மாதிரியே இருக்காது. காதுக்குப் பின்னால் மாஸ்க்கின் வார் அறுத்துப் புண். கண்ணாடியின் பட்டை தலையைச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் கழற்றினாலும் அந்த வலி போகாது. தோள் வரை கழுத்து மரத்துப்போகும். நான் பேசுவது எனக்கே கேட்காது, கத்திப் பேசினால் மூச்சு வாங்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ டாக்டர், கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு முறை பாத்ரூம் போக வேண்டும் என்றால் கிட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போட வேண்டும். கிட்டோ லேசில் கிடைக்காது. அதனால் பெரியவர்கள் போடும் டயப்பர் போட்டுக்கொண்டு நின்றேன். அதுவும் நனையக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சிறுநீர் எரிச்சலோடு இரண்டு மாதம் ஓட்டினேன். உன் அத்தாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்குமே நான் கால்வாசிதான் சொன்னேன்.

உன் அத்தா செய்த ஒரு கூத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் ஒரே அழுகையாகிவிடும். மாஸ்க்கைத் தினமும் புதிதாகப் போட வழியில்லை. ஐந்து மாஸ்க்கை வரிசையாக வெயிலில் காய வைத்து, நாளுக்கு ஒன்றாகச் சுற்றிப் போடலாம் என்று சொன்னார்கள். "வீட்டு மாடில வெயிலே இல்ல, நம்ம மண்டி மாடிலதான் நல்லா அடிக்கும்" என்று உன் அத்தா எடுத்துக்கொண்டு போனார். மண்டி மாடியில் என்ன காயும்? மிளகாய் வத்தல். மறுநாள் காலையில் அந்த மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக் கிட்டை மாட்டி ஜிப் போட்டேன். ஒரே ஒரு மூச்சுத்தான் இழுத்தேன். தும்மல், இருமல், கண்ணிலும் மூக்கிலும் ஆறு. வாசலில் காத்திருந்த பெரியவர் ஒருவர் "டாக்டரம்மாவுக்கே வந்துருச்சு" என்று எழுந்து ஓடியே போய்விட்டார். அன்றைக்கு நான் உன் அத்தாவைத் திட்டிய திட்டு அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

இவ்வளவு கஷ்டத்திலும் நான் ஏன் ஒரு நாள்கூட "முடியவில்லை" என்று சொல்லவில்லை? தைரியத்தால் இல்லை. திமிரால். சின்ன வயதிலிருந்து நோன்பு பிடித்துப் பழகியவள், தண்ணீர் இல்லாமல் இருப்பது எனக்கு என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஊரில் பாதி கிளினிக் மூடிக் கிடந்தபோது நம் கிளினிக் திறந்திருந்தது, அதுவும் மண்டைக்கு ஏறியிருந்தது. ஆனால் நோன்புக்கு நிய்யத்து என்று மனசில் வைக்கிற ஓர் எண்ணம் உண்டு, பாங்கு சொன்னால் திறக்க ஒரு நேரம் உண்டு. நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவனுக்கும் பிறகு பிடித்துக்கொள் என்று விலக்கு உண்டு. நான் கிட்டுக்குள் இருந்ததற்கு முடிவும் இல்லை, விலக்கும் இல்லை. நானே எனக்கு வைத்துக்கொண்ட வீம்பு அது. நோன்போடு அதைச் சேர்த்துப் பேசியதற்கே நான் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெருநாள் முடிந்த மறு வாரம். முதலில் போனில் கேட்டுக்கொண்டு, ரொம்ப அவசரமானவர்களை மட்டும் வரச் சொல்லும் வழக்கம் அப்போது. ஆனைக்குட்டத்திலிருந்து முத்துமாரி என்று ஒருவர் கூப்பிட்டார். பட்டாசுக் கம்பெனியில் வேலை. "டாக்டரம்மா, கீழ் கடவாப்பல்லு. ரெண்டு நாளா தல தெறிக்குது. மாத்திரைக்கு அடங்க மாட்டேங்குது" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். உனக்கு இதை விளக்க வேண்டும், நீ பட்டணத்தில் படித்தவன். நம் பக்கத்தில் பலர் வலது, இடது என்று சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதிலேயே நான் அதைக் கற்றுக்கொண்டு, "சோத்துக்கைப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றுதான் கேட்பேன். சோறு தின்கிற கை என்றால் வலது கை, அதில் குழப்பமே வராது. சனங்களின் பேச்சு தெரிந்த டாக்டர் என்று எனக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. முத்துமாரி "சோத்துக்கைப் பக்கம்தான்" என்றார். நான் நோட்டில் "கீழ், வலது" என்று எழுதி வைத்தேன்.

அன்று மதியம் புருஷனோடு வண்டியில் வந்தார். வழியில் நிறுத்திய போலீஸ்காரருக்கு வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். முத்துமாரி அன்றைக்கு நான்காவது ஆள். காலையிலிருந்து நான் கிட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் சாய்ந்ததும் என் உடையைத் தொட்டுப் பார்த்து, "இம்புட்டு நைலானா? இதப் போட்டுக்கிட்டு வந்தா எங்க கம்பெனி கேட்டுக்குள்ளயே விட மாட்டாக. மருந்துக்கு ஆகாது, நூல் சேலதான் கட்டணும்" என்றார். பட்டாசுக்காரர்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்துதான். நான் சிரிக்கக்கூட இல்லை, பேசினால் மூச்சு வாங்கும். அதே காரணத்துக்காகத்தான் "எந்தப் பக்கம்?" என்று திரும்பவும் கேட்கவில்லை. நோட்டில்தான் இருக்கிறதே. வலது கீழ்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது, புள்ளியின் ஆழம் தெரியவில்லை. தட்டிப் பார்த்தேன், முகம் சுளித்தார். பயத்தில் சுளிக்கிறாரா, வலியில் சுளிக்கிறாரா என்று யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை. எக்ஸ்ரேயும் அப்போது எடுப்பதில்லை. மரத்துப்போகும் ஊசியைப் போட்டேன்.

ஊசி போட்டதும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்குக் கேட்கவில்லை. "பயப்படாதீங்க, வலிக்காது" என்று கத்தினேன். கொறடைக் கையில் எடுத்தபோது அவர் ஒரு கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொடப் போனார். ஆவிக்குள் எனக்கு ஒரு கை அசைவது மட்டும்தான் தெரிந்தது. "செல்வி, கையைப் பிடி, எதையும் தொட்டுறப் போறாங்க" என்றேன். உதவிக்கு நின்ற உன் செல்வி அக்கா அந்தக் கையை இறக்கி நாற்காலியோடு பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைப்பு: இதை முடித்தால் கிட்டைக் கழற்றலாம். பல் லேசில் வரவில்லை. கெட்டுப்போன பல் இவ்வளவு உறுதியாக நிற்காது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊறிப்போன விரலுக்கு எதுவும் தெரியவில்லை.

பல் வந்தது. வெளிச்சத்துக்கு நகர்ந்து, தகட்டைத் தூக்கி, கண்ணாடியை நகர்த்திப் பார்த்தேன். புள்ளி மேலோடு இருந்தது, வேர் முழுசாக, சுத்தமாக இருந்தது. அரை மணி நேரத்தில் அடைத்து அனுப்பியிருக்க வேண்டிய பல். முத்துமாரி மரத்த வாயோடு குழறிச் சொன்னார்: "டாக்டரம்மா, நோவு இந்தப் பக்கம்ல இருக்கு." இடது கன்னத்தைக் காட்டினார். "சோத்துக்கைப் பக்கம்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஆமா, இதான எனக்குச் சோத்துக்கை" என்று இடது கையை ஆட்டினார். அப்போதுதான் வலது கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். அதில் கட்டை விரலும் இன்னொரு விரலில் பாதியும்தான் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் மருந்து தீப்பற்றியதில் போன கை. அன்றிலிருந்து அவர் சாப்பிடுவது இடது கையால்தான். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை, மாற்றியும் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

மகனே, இதுவரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் நடக்கும், அந்த உடுப்புக்குள் நின்றவர்களுக்கு இன்னும் சுலபமாக நடக்கும். அதற்கு அடுத்து நான் செய்ததுதான் குற்றம். ஒரு நொடிகூடத் தடுமாறாமல் சொன்னேன்: "ரெண்டு பக்கமும் கெட்டுப்போயிருக்கு. இது உள்ளுக்குள்ள சொத்தை, உங்களுக்கு இன்னும் வலி தெரியல. அந்தப் பக்கத்தையும் எடுத்துடலாம்." செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இடது பல்லையும் எடுத்தேன். அது நிஜமாகவே எடுக்க வேண்டிய பல்தான். முத்துமாரி எழுந்து நின்று, அந்தக் கையையும் இந்தக் கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கிய கொஞ்ச நேரத்தில் பத்திரிகைக்காரர் வந்தார். மூடாத கிளினிக் என்று எழுதப் போவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன். "முகத்தைத் துடைக்காதீங்க மேடம், அப்படியே இருங்க" என்றார். எடுத்தார். நீ சுவர் முழுக்கப் போடச் சொல்லும் படம் அதுதான். கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, களைப்பிலும் தளராத மருத்துவர் என்று எழுதினார்கள். களைப்பு இல்லை அது. ஒரு ஏழைப் பெண்ணின் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, அவளிடமே பொய்யும் சொல்லிவிட்டு நின்றவளின் கண். அந்தப் படம் ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் சால்வை போட்டார்கள். நீ மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து, "அம்மா, நானும் பல் டாக்டர்தான்" என்றாய். அப்புறம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பாராட்டும் என் வாயில் ஒரு பூட்டு போட்டது. நான் அந்தப் பூட்டுகளை விரும்பி வாங்கிக்கொண்டேன்.

செல்வி ஒரே ஒரு தடவை கேட்டாள். "அக்கா, அந்தப் பட்டாசு அம்மாட்ட சொல்லிரலாமாக்கா?" நான் பஞ்சை எடுக்கச் சொன்னேன். ஆனால் மறு வாரமே பஜாரில் ரோஸ் கலர் பிளாஸ்டிக் சட்டம் போட்ட கைக்கண்ணாடி ஒன்று வாங்கி வந்தேன். அன்றிலிருந்து யாராக இருந்தாலும், கலெக்டர் ஆபீஸ் அதிகாரியே ஆனாலும், கண்ணாடியைக் கையில் கொடுத்து, வலிக்கிற பல்லை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். நீ போன தடவை வந்தபோது "இது என்னம்மா பொம்மைக் கடை கண்ணாடி, தூக்கிப் போடுங்க" என்றாயே, அதே கண்ணாடிதான்.

முத்துமாரி வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவார். பல் காட்ட இல்லை. சீனியவரைக்காய் ஒரு பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கீகளா டாக்டரம்மா? மகன் எப்ப படிச்சு முடிக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தக் காயை நான் சமைத்திருக்கிறேன், நீயும் சாப்பிட்டிருக்கிறாய். எனக்கு ஒரு நாளும் அது தொண்டைக்குள் நிம்மதியாக இறங்கியதில்லை.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்ட அன்று சாயங்காலம் உன் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷர் முழுசாகக் கேட்டார். அப்புறம், "ஞாயித்துக்கிழம கம்பெனி லீவு. வீட்லதான் இருப்பாக. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். போனோம். தகரம் போட்ட வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மருமகளிடம் "கலர் சோடா வாங்கிட்டு வா" என்று விரட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு நான் முதல்ல எடுத்தது நல்ல பல்லு. பக்கத்தை மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன், எனக்கு முடியலன்னு வாய்விட்டுச் சொல்லாம, மறுபடி கேக்காம எடுத்துட்டேன். ரெண்டும் கெட்டுப்போச்சுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்" என்றேன்.

அவர் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "நான் கையக் காட்டுனேன்ல" என்றார். "காட்டினீங்க." "கையப் புடிச்சு அமுக்கிட்டீகளே." "ஆமா." என் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அஞ்சு வருசமா என் பல்லத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன். ஒரே நாள்ல ரெண்டு போச்சே, நம்ம வாயி அம்புட்டு மோசம்னு. கருப்பட்டி மிட்டாயே தொடல. எம் மகன் கல்யாணத்துக்குப் போட்ட சீரணி மிட்டாய்கூடத் திங்கல. ரெண்டு பக்கமும் மெல்ல முடியாம சோத்த முழுங்கிட்டுத்தான வேலைக்குப் போறேன். எல்லாம் என் தப்புன்னுல நெனச்சேன்."

எடுத்த பல்லைப் பற்றித்தான் நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன பொய் அவர் வாய்க்குள் உட்கார்ந்து தினம் தினம் அவரையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அங்கேயே அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, தேற்றவும் கூடாது. எழுந்து உள்ளே போய்விட்டார். மருமகள் சங்கடப்பட்டு, "உக்காருங்க, வந்துருவாக" என்றாள். உன் அத்தா வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். கிளம்பிவிடலாமா என்று கண்ணால் கேட்டார். நான் அசையவில்லை. முத்துமாரி வெளியே வந்து போகச் சொல்லும்வரை போவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தார். முகம் கழுவியிருந்தார். எதிரே உட்கார்ந்து முந்தானையை விலக்கி வலது கையை மடியில் வைத்தார். "இந்தக் கை போன அன்னைக்கும் காலைலயே கிறுகிறுன்னுதான் வந்துச்சு. சொன்னா வேலைய மாத்திருவாகன்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றார். "நான் சொல்லல, என் கையி போச்சு. நீங்க சொல்லல, என் பல்லு போச்சு." "பல்லு கட்டித் தருவீகளா?" என்று கேட்டார். கட்டித் தருகிறேன், அது என் கடமை என்றேன். "உங்க மகன் படிச்சு முடிச்சுட்டாரா?" "முடிச்சுட்டான், வர்றான்." "அப்ப அவரே கட்டட்டும். உங்ககிட்ட வாயத் தொறக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

அது எனக்குக் கிடைக்க வேண்டிய பதில்தான். சால்வையைவிட அதைத்தான் நான் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன். திரும்பி வந்ததும் செல்வியிடம் முத்துமாரி சொன்னதைச் சொல்லி, அவள் கேட்ட அன்றே நான் போயிருக்க வேண்டும் என்று அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இனி கிளினிக் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். யோசனை கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டேன். நீயும் செல்வியும் நானும், மூன்று பேரில் யாருக்கு முடியவில்லை என்றாலும் வாய்விட்டுச் சொல்வோம், சொன்ன உடனே வேலை நிற்கும். நாலு பேர் வாசலில் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. மறுபடி ஒரு கொள்ளை நோய் வந்து மறுபடி அந்தப் பைக்குள் நுழைய வேண்டி வந்தாலும் நுழைவோம், கதவை மூட மாட்டோம். ஆனால் பாதி நேரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்வோம், வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றித் தண்ணீர் குடிப்போம். கஷ்டத்தைத் தாங்குவது நம் திறமை என்று நினைக்காதே. நாம் தாங்குகிற கஷ்டம் ஒரு அளவு தாண்டினால் அது நம்மிடம் தங்காது, நாற்காலியில் படுத்திருப்பவர் மேல் இறங்கிவிடும். மூன்று மணி வரை நீ அசையாமல் இருந்தாயே, அன்று கடைசியாக உன்னிடம் வந்தவர் யார், அவர் முகம் எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? யோசித்துப் பார்.

படத்தைப் பார்த்துப் படிக்கப் போனவன் நீ. படம் பொய் என்று தெரிந்த பிறகும் இந்தத் தொழில் உனக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் வந்து என்னிடம் சண்டை போடு, ஆனால் வந்துவிடு. நீ பெரிதாக்கக் கேட்ட அந்தச் சின்னப் படம் இவ்வளவு நாளும் கிளினிக் சுவரிலேயே தொங்கியது. அதைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். ஆணி அப்படியே இருந்தது, அதில் அந்த ரோஸ் கண்ணாடியை மாட்டி வைத்திருக்கிறேன்.

நீ உட்காரும் அன்று காலை பத்து மணிக்கு முதல் ஆள் முத்துமாரி. நோட்டில் என் கையால் எழுதியாகிவிட்டது. பக்கம் எதுவும் எழுதவில்லை, நீயே கேட்டுக்கொள். கண்ணாடியை அவருடைய இடது கையில் கொடு. அவர் படி ஏறுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடு. நடுவில் அவர் கையைத் தூக்கினால், நிறுத்து.

அம்மா